கோழிக் கொட்டகையும் கொலிஸ்டினும்

பெருமாநல்லூர் நாற்சந்தியில் விடியற்காலையில் சிறிது நேரம் நிற்பவருக்கு, திருப்பூர்ச் சீமையின் இரண்டு ஜீவனோபாயங்கள் ஒரே சாலையில் ஓடுவது புலப்படும். பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்களுக்கு நடுவே, கம்பிக் கூண்டுகளில் வெள்ளைக் கறிக்கோழிகளை அடுக்கிய லாரிகளும் விரைகின்றன. பின்னலாடையைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஆனால், பல்லடத்தில் அன்றாடம் நிர்ணயமாகும் பண்ணை விலைக்குத் தமிழகத்து இறைச்சிக் கடைகள் காத்திருக்கின்றன என்பதோ, தென்னந்தோப்புகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் கொட்டகைகளில் நடக்கும் ஒரு காரியம், எங்கோ தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் நோயாளியின் ஆயுளோடு சம்பந்தப்பட்டிருக்கிறது என்பதோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கோழித் தீவனத்தில் மருந்து கலக்கும் வழக்கத்தின் பூர்வோத்தரத்தைத் தேடிப் போனால், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆராய்ச்சித் தலைவராக விளங்கிய அமெரிக்க லெடர்லி ஆய்வகத்தில் போய் நிற்கிறோம். அங்கிருந்துதான் 1948இல் ஆரியோமைசின் வெளிவந்தது. அம்மருந்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய சக்கையில் வைட்டமின் சத்து இருக்கும் என்று கருதிக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்த தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும், வைட்டமினால் மட்டும் விளங்காத வேகத்தில் அவை எடை கூடுவதைக் கண்டு, அது மருந்தின் பிரபாவமே என்று 1950இல் உலகுக்கு அறிவித்தார்கள். சுப்பாராவ் அதைக் காண இருக்கவில்லை. 1948 ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார். நோயே இல்லாத பிராணிக்கு, கிருமியைக் கொல்லப் போதாத சிற்றளவில், வாழ்நாள் முழுதும் மருந்தூட்டும் விபரீதம் இவ்வாறு உலக வழக்கமாயிற்று.

இதில் என்ன தீங்கு என்பதை விளக்கும் திறவுகோலை ஜப்பானியர் முதலில் கண்டார்கள். அங்கே வயிற்றுக்கடுப்பு நோயைப் பரப்பும் கிருமிகள் ஒரே சமயத்தில் பல மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் போன காரணத்தை ஆராய்ந்தபோது, அந்த எதிர்ப்புச் சக்தி தாய்க் கிருமியிலிருந்து சந்ததிக்கு இறங்குவதோடு நில்லாமல், பக்கத்தில் கிடக்கும் வேறொரு ஜாதிக் கிருமிக்கும் தாவுகிறது என்று 1959இல் நிரூபித்தார்கள். கிருமியின் பிரதான மரபுப் பொருளுக்குப் புறம்பாக, பிளாஸ்மிட் என்னும் சிறு வளையம் ஒன்று இருக்கிறது. ஒரு கிருமி மற்றொன்றைத் தொட்டு நிற்கையில், அயல் வீட்டுச் சுவடியைப் படியெடுத்துக்கொள்வதுபோல அவ்வளையத்தின் நகல் இங்கிருந்து அங்கே போய்விடுகிறது, கொடுத்தவனுக்கும் குறைவில்லை. ஸ்டூவர்ட் லெவி என்ற அமெரிக்க மருத்துவர், மாசசூசெட்ஸில் ஒரு பண்ணையில் கோழிகளுக்கு டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் கொடுத்துச் செய்து 1976இல் வெளியிட்ட சோதனையில், சில நாட்களிலேயே கோழிக் குடலிலும், சில மாதங்களில் அம்மருந்தைத் தொடாத பண்ணைக் குடும்பத்தார் குடலிலும் எதிர்ப்புக் கிருமிகள் பெருகியிருந்தன.

நம் காலத்துக் கதையின் நாயகம் கொலிஸ்டின். ஜப்பானில் 1950ஐ ஒட்டிக் கிடைத்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறதென்று 1970களில் ஒதுக்கப்பட்ட இந்தப் பழைய மருந்து, புதிய மருந்துகளெல்லாம் தோற்கத் தொடங்கியபோது கடைசி ஆயுதமாக மருத்துவமனைக்குத் திரும்பி வந்தது. அதற்குள் அது தீவன மூட்டைக்குள் குடியேறிவிட்டது. 2015 நவம்பரில் சீன விஞ்ஞானிகள், எம்.சி.ஆர்-1 என்ற மரபணு கொலிஸ்டினை முறியடிக்கிறது என்றும், அது பிளாஸ்மிட்டில் ஏறித் தாவக்கூடியது என்றும் வெளியிட்டார்கள். பன்றிகளிலிருந்து எடுத்த 804 கிருமி மாதிரிகளில் 166இல் அது இருந்தது. நோயாளிகளிடமிருந்து எடுத்த 1,322இல் இருந்தது 16இல் மட்டுமே. எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் பயணம் நடந்திருக்கும் என்று ஊகிக்க இந்த எண்களே போதும். சென்னையிலும், கிருமிகளின் மருந்தெதிர்ப்பைக் குறித்த 2012இன் சென்னைப் பிரகடனத்துக்கு முன்னின்ற மருத்துவர் அப்துல் கபூரும் சகாக்களும் உணவுப் பொருள்களைச் சோதித்து, அவற்றில் கொலிஸ்டினுக்கு அஞ்சாத கிருமிகள் இருப்பதை 2019இல் வெளியிட்டனர். அவ்வாண்டு ஜூலையிலேயே மத்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் கால்நடைக்கும் கோழிக்கும் மீனுக்கும் கொலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடைசெய்தது.

தடை நல்லதே. ஆயினும் நம்முடைய கண்காணிப்பு இன்னும் பெரும்பாலும் இறைச்சியில் எஞ்சிய மருந்தின் அளவையே பார்க்கிறது. கோழியை விற்பதற்குச் சில நாள் முன்னே மருந்தை நிறுத்திவிட்டால் அந்த எச்சம் கரைந்துபோகும், பரிசோதனையிலும் தேறிவிடும். குடலில் வாழும் கிருமியும் அதன் வளையமும் கரைவதில்லை. கொதிக்கும் குழம்பில் கிருமி மடியும் என்பது மெய்தான். அது மடியாத இடங்கள் கறி நறுக்கும் கட்டையும், கடைக்காரர் கையும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கொட்டகைத் தரையில் பரப்பிய தேங்காய் நார்த்தூளும். நாற்பது நாள் சொச்சம் கோழிக் கழிவு விழுந்து ஊறிய அந்தத் தூளே, கோழி எருவாக விலைபோய்த் தோட்டங்களில் இறைபடுகிறது. திருப்பூரில் நொய்யல் ஆற்றில் ஓடிய சாயத்துக்கு நிறம் இருந்தது. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஆற்று நீரே சாட்சியாக நின்றது. எருவோடு மண்ணுக்குள் இறங்கும் மரபணுவுக்கு அப்படியொரு பிரத்தியட்சச் சாட்சியம் கிடையாது.

இதற்கெல்லாம் பண்ணைக்காரரைக் குற்றவாளியாக்குவது நியாயமல்ல. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியிலிருந்து வர, கொட்டகையும் தண்ணீரும் உழைப்பும் மட்டும் தம்முடையதாய், வளர்ப்புக் கூலிக்குக் கோழி பார்க்கும் ஒப்பந்த விவசாயிக்கு, மூட்டைக்குள் என்ன கலந்திருக்கிறது என்று கேட்கும் சுவாதீனம் எங்கே இருக்கிறது? பரிகாரம் கைக்கு எட்டாததுமன்று. 2017இல் கொலிஸ்டினை வளர்ச்சித் தீவனமாகக் கொடுப்பதை நிறுத்திய சீனத்தில், 2015இல் சுமார் 27,000 டன்னாக இருந்த அதன் தீவனக் கலவை உற்பத்தி 2018இல் சுமார் 2,500 டன்னாகச் சுருங்கியது. பன்றிகளிடமும் எதிர்ப்புக் கிருமிகள் வெகுவாகக் குறைந்தன. நமக்கும் முதலில் வேண்டுவது, ஒவ்வொரு தீவன மூட்டையின்மேலும் கலந்திருக்கும் மருந்தின் பெயரைத் தமிழில் அச்சிடும் கட்டாயமும், இறைச்சியோடு எருவையும் சோதிக்கும் ஏற்பாடும். எருவைக் குவித்து முறையாக மக்க வைத்தால் அதன் சூட்டில் கிருமிகளில் பெரும்பகுதி மடியும். அதற்கு இடமும் காலமும் ஆகும், அந்தச் செலவைக் கூலிக்கு வளர்ப்பவர் தலையில் கட்டாமல், குஞ்சு இறக்கும் கம்பெனியே ஏற்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.