உயிர்த்தெழுந்த நாயகன்

ஊவாத் தோட்டங்களில் ஆடப்பெறும் காமன் கூத்தில், சிவனால் எரியுண்ட மன்மதன் இரதியின் வேண்டுதலால் மீண்டும் உயிர்பெறுகிறான். அவ்வுயிர்ப்பு, கதையோடு பிறந்தது.

ஆனந்த் எல். ராய் இயக்கிய 'ராஞ்சனா' (2013) என்னும் இந்திப் படத்தின் நாயகனோ இறுதியில் இறப்பவன். அதன் தமிழ் வடிவமாகிய 'அம்பிகாபதி'யை ஈரோஸ் நிறுவனம் 2025 ஆகஸ்ட் 1ஆம் நாள் மீண்டும் வெளியிட்டபொழுது, செயற்கை நுண்ணறிவின் துணையால் அவனைப் பிழைக்க வைத்தது. தம் இசைவின்றிச் செய்ததென இயக்குநர் கண்டித்தார். நாயகனாக நடித்த தனுஷும் படத்தின் ஆன்மாவே பறிபோயிற்றென வருந்தினார். நிறுவனமோ தன் பதிப்புரிமையைக் காட்டிற்று.

உரிமை சட்டத்தால் வருவது. முடிவு கதையால் வருவது. தன் செயலால் ஒருவன் மாண்டதற்கு நாயகன் தன் உயிரையே ஈடாக வைக்கிறான். அவன் பிழைத்தெழின் அக்கடன் தீராது நிற்கும்.