கன்று ஈன்ற பசு விழுவதேன்?

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வாடகை அறையில் இருந்தாலும், ஊர் திரும்பியதும் ஒரு பசு வாங்கவே பல குடும்பங்கள் எண்ணுகின்றன. கடன்பட்டு வாங்கிய பசு சாகாதிருக்க இதை அறிந்திருங்கள்.

கன்று ஈன்று ஓரிரு நாளில் பசு திடீரெனப் படுத்துவிடும். காது குளிரும், கழுத்து ஒரு பக்கம் மடியும். பால் காய்ச்சல் என்பர். ஆனால் காய்ச்சல் இராது. மூன்றாம் ஈற்றைக் கடந்த, பால் மிகுந்த யேர்சிக் கலப்புப் பசுக்களில் இது கூடுதல். குருதியிலுள்ள கல்சியம் பாலோடு போய்க் குறைவதே காரணம்.

கல்சியம் எலும்புக்கு மட்டுமா? நரம்பு நுனியில் நுண்ணிய பைகளில் ஓர் இரசாயனம் உண்டு. கலத்தின் உள்ளே இருப்பதைவிட வெளியே கல்சியம் ஏறக்குறைய 10,000 மடங்கு அதிகம். நரம்புச் செய்தி வந்ததும் வாயில்கள் திறந்து கல்சியம் உள்ளே பாயும், பைகள் திறந்து இரசாயனம் சுரக்கும், தசை இயங்கும். 1960களில் பேர்னாட் கட்ஸும் ரிக்கார்டோ மிலேடியும் இதனைக் காட்டினர். ஸ்ட்ரோன்சியமும் ஓரளவு இவ்வேலையைச் செய்யும், மக்னீசியம் தடுக்கும். நமது கணையம் இன்சுலினைச் சுரப்பதற்கும் கல்சியம் கலத்தினுள் புகவேண்டும்.

எனவே விழுந்த பசுவைக் கைவிடாதீர்கள். நெஞ்சின்மேல் நிமிர்த்தி இருத்துங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், சுவாசப்பைக்குள் போய்விடும். உடனே மிருக வைத்தியரை அழையுங்கள். அவர் கல்சிய மருந்தை நாளத்தில் மெதுவாக ஏற்றுவார். விரைந்து ஏற்றினால் இதயம் நின்றுவிடக்கூடும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் பசு எழுந்துவிடும்.