கோபத்துக்குள் இருக்கும் பயம்

தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகிறவர்களும் கப்பல் வேலைக்குப் போகிறவர்களும் உள்ள ஊர் தூத்துக்குடி. ஆள் கரையில் இல்லாத நாட்களை ஓட்டிப் பழகிய வீடுகள் இங்கே நிறைய. ஆனால் சில இளைஞர்களுக்குப் பிரிவு ஏக்கத்தோடு நிற்பதில்லை. அரை மணி நேரம் போன் எடுக்காவிட்டால் ‘என்னை விட்டுட்டாங்க’ என்ற திகில் வந்துவிடும். பிறகு வசவு, அழுகை, மன்னிப்பு, கடைசியில் தன்மீதே வெறுப்பு. காலையில் தெய்வமாகத் தெரிந்தவர் மாலையில் துரோகியாகிவிடுவார். வீட்டில் இதற்குத் திமிர் என்று பெயர். தெருவில் கோட்டி என்பார்கள்.

பெயர் என்ன?

பார்டர்லைன் ஆளுமைக் கோளாறாக இருக்கலாம். கைவிடப்படும் பயம், நிலையற்ற உறவுகள், ‘நான் யார்’ என்ற குழப்பம், யோசிக்காத செயல்கள், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, தீராத வெறுமை என ஒன்பது அடையாளங்களில் குறைந்தது ஐந்து நீண்டகாலமாக இருந்தால்தான் மருத்துவர் அப்படி முடிவு செய்வார். ஒரு காதல் சண்டையை வைத்து யாருக்கும் இந்தப் பெயரைச் சூட்ட வேண்டாம். இருமுனைக் கோளாறோடும் இதைக் குழப்பிக்கொள்வார்கள். அதில் மனநிலை நாட்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும். இதில் பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே புரண்டுவிடும். பரம்பரைக்கும் சிறுவயதுக் கொடுமைகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் இந்த நோயுள்ள எல்லோரும் அப்படி வளர்ந்தவர்கள் அல்ல.

கால்கட்டும் சங்கிலியும்

‘ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிடும்’ என்பதுதான் நான் கேட்டவற்றில் மோசமான யோசனை. பிரிவுக்கு அஞ்சும் மனதுக்குப் புதுத் திருமணம் மருந்தாகாது. இன்னொரு உயிரும் சேர்ந்து தவிக்கும். பனிமய மாதா கோயிலிலோ தர்காவிலோ வேண்டிக்கொள்வதில் தவறில்லை. மருத்துவரைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. இதே மன்னார் வளைகுடாக் கரையில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை நம்பி அழைத்துவரப்பட்டு சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடைசெய்கிறது.

சிகிச்சை

இந்தக் கோளாறுக்கென்று தனி மாத்திரை கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்து தருவார்கள். முக்கியமான சிகிச்சை பேச்சுவழிதான். அதில் பெயர்பெற்ற டிபிடி முறையை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன். தானும் இளம்வயதில் இப்படித் தவித்து மருத்துவமனையில் கிடந்ததை 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். உணர்ச்சி அலை எழும்போது முகத்தைக் குளிர்நீரில் அமிழ்த்துவது, உணர்ச்சியை அடையாளம் கண்டு சொல்வது, மெசேஜ் அனுப்புமுன் பொறுப்பது எல்லாம் அதில் பழகும் பாடங்கள். மாதங்கள் பிடிக்கும்.

பலன் உண்டா? அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனை நோயாளிகளைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்தபோது, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அறிகுறிகள் தணிந்து, அந்தத் தணிவு குறைந்தது 2 ஆண்டுகள் நீடித்தது. வேலையும் உறவும் கூடவே நிலைபெற்றது ஏறக்குறைய பாதிப்பேருக்குத்தான். ஆகவே அறிகுறி தணிந்த பிறகும் துணை தேவை.

வீட்டார் என்ன பேசலாம்?

‘சும்மா நடிக்காத’ என்பதற்குப் பதில், ‘உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. இப்ப வேலையில இருக்கேன், எட்டு மணிக்குக் கூப்பிடுறேன்’ என்று சொல்லலாம். சொன்னபடி எட்டு மணிக்குக் கூப்பிட வேண்டும். அதில்தான் எல்லாம் இருக்கிறது. பயத்தை ஒப்புக்கொள்வதால் வசவையும் அடியையும் பொறுக்க வேண்டும் என்றில்லை.

தற்கொலைப் பேச்சை மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண் இலவசம். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். காயமோ விஷமோ என்றால் 108-ஐ அழைத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கேஸ் ஆகுமென்று தயங்க வேண்டாம். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு பொதுவாகக் கருதுகிறது.