சிரித்தது எல்லார் முன்னாலும்

2025 ஆகஸ்டில் எங்கள் தோட்டத்துப் புலனக் குழுவில் ஓர் அக்கா ஒரு கேள்வி கேட்டார். “ஆடித் திருவிழா உபயக் கணக்கை எப்போது குழுவில் போடுவீர்கள்?” அவ்வளவுதான்.

கால் மணி நேரத்தில் பதில்கள் குவிந்தன. ஒன்றிலும் கணக்கு இல்லை. “முதலில் உன் வீட்டுக் கணக்கைப் பார்” என்றார் ஒருவர். அவர் கணவரைப் பிரிந்து வாழ்வதை இன்னொருவர் இழுத்தார். இறந்துபோன அவருடைய அப்பாவின் குடிப்பழக்கத்தைக்கூட ஒருவர் விட்டுவைக்கவில்லை. நடுவில் சிரிக்கும் ஸ்டிக்கர்கள் வரிசையாக விழுந்தன. அவற்றில் ஒன்று நான் அனுப்பியது. அன்றிரவே அக்கா குழுவிலிருந்து விலகிவிட்டார்.

என்னை உறுத்துவது இதுதான். அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன்பு, இணையப் பகடிவதைக்கு எதிராக நானும் முகநூலில் மெழுகுவர்த்திப் படம் போட்டவள். ஏஷா என்று டிக்டாக்கில் அறியப்பட்ட ராஜேஸ்வரியை நாம் இழந்தது 2024 ஜூலை 5ஆம் தேதி. தமக்கு வந்த மிரட்டல்கள் குறித்து அதற்கு முதல் நாள்தான் அவர் போலீசில் புகார் செய்திருந்தார். இது தொடர்பில் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாது ஒருவருக்கு, 1955ஆம் ஆண்டு சிறு குற்றச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்கீழ் விதிக்கப்பட்ட அபராதம் 100 வெள்ளி. அந்தப் பிரிவில் அதிகபட்சமே அவ்வளவுதான். நாடு கொதித்தது. நானும் கொதித்தேன். பிறகு ஸ்டிக்கர் அனுப்பினேன்.

நான் மிரட்டவில்லை, கெட்ட வார்த்தை எழுதவில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் தாக்குகிறவருக்குத் தெம்பு தருவது வேடிக்கை பார்ப்பவரின் சிரிப்புதானே? பத்துப் பேர் சிரித்தால், பதினோராவது ஆள் இன்னும் மோசமாக எழுதத் துணிகிறார்.

தோட்டத்தில் முன்பு சண்டையே இல்லையா என்று பாட்டியிடம் கேட்டேன். “ஏன் இல்ல? தண்ணிக் குழாய்ல தெனம் சண்டைதான். ஆனா விடிஞ்சா பெரட்டுல அவ மொகத்துலதான முழிக்கணும்” என்றார். அந்த ‘முழிக்கணும்’ ஒரு கடிவாளம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகளில் இருந்தவர்கள் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புஞ்சாக் ஆலாம், கிள்ளான் என்று தாமான்களுக்குப் போய்விட்டார்கள். குழுவில் ஒன்றாக இருக்கிறோம்; ஆனால் எழுதியதைப் படிக்கும்போது அந்த அக்காவின் முகம் எப்படி மாறியது என்பதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

இடைநிலைப்பள்ளியில் சொற்போர் பேசியவர்களுக்கு ஒன்று தெரியும். எதிரணி பேச்சாளரின் வாதத்தை எவ்வளவு வேண்டுமானாலும் உடைக்கலாம். அவருடைய குடும்பத்தைப் பற்றிப் பேசக் கூடாது. “கணக்கு ஒரு மாதம் தாமதமாகிவிட்டது, இது செயலவையின் தவறு” என்பது விமர்சனம். “உனக்கெல்லாம் கேட்கத் தகுதி இருக்கா?” என்பது தாக்குதல். முன்னதற்குக் கணக்கைக் காட்டிப் பதில் சொல்லலாம். பின்னதற்கு அழுகையோ ஆத்திரமோதான் பதில். தனிமனிதத் தாக்குதல் வரும் இடத்தில் பெரும்பாலும் பதில் இல்லாத ஒரு கேள்வி ஒளிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “மரியாதையாகப் பேசு” என்ற வார்த்தை அன்று அந்த அக்காவிடம்தான் சொல்லப்பட்டது. அவரைத் திட்டியவர்களிடம் அல்ல. பெரியவர்களைக் கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு என்றால், நாகரிகம் என்ற பெயரில் வாயைத்தான் மூடுகிறோம்.

இப்போது சட்டம் மாறியிருக்கிறது. 2025 ஜூலை 11 முதல் தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் நடப்புக்கு வந்துள்ளன. மன உளைச்சலையோ அச்சத்தையோ உண்டாக்கும் நோக்கத்தில் மிரட்டும், இழிவுபடுத்தும் சொற்களைப் பயன்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம். ஒருவரைத் துன்புறுத்தவென்று அவருடைய முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றைப் பரப்புவதும் குற்றம். நீங்கள் தாக்கப்பட்டால் செய்தியை அழித்துவிடாதீர்கள்; தேதி, நேரம் தெரியும்படி திரைப்படம் பிடித்து வைத்துக்கொண்டு போலீசில் புகார் செய்யுங்கள். மனம் தாங்கவில்லை என்றால் தனியாக இருக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் 15555, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 ஆகிய எண்களையும் அழைக்கலாம்.

ஆனால் என் ஸ்டிக்கருக்கு எந்தப் பிரிவும் தேவையில்லை. இரண்டு வாரம் கழித்து அந்த அக்காவுக்குத் தனிச்செய்தியில் மன்னிப்புக் கேட்டேன். நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது. “பரவாயில்லம்மா. ஆனா சிரிச்சது எல்லார் முன்னாலயும்தானே?”

அன்றிரவு குழுவில் எழுதினேன்: “அக்காவைப் பார்த்துச் சிரித்தது என் தவறு. அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. கணக்கு எப்போது வரும்?” அனுப்பும்போது விரல் நடுங்கியது. ஒரு மாமா அப்பாவைக் கூப்பிட்டு, “பிள்ளையைக் கொஞ்சம் கண்டிச்சு வை” என்றார். அப்பா, “அவ கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டீங்களா அண்ணே?” என்று மட்டும் கேட்டார்.

கணக்கு இன்னும் வரவில்லை. அக்காவும் குழுவுக்குத் திரும்பவில்லை. ஆனால் என் செய்திக்குக் கீழே அதே கேள்வியை மேலும் நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். யாரும் ஸ்டிக்கர் போடவில்லை.