நீல அட்டை

இலண்டனின் வடமேற்குப் பகுதியாகிய ஹரோவில் என் தமக்கையார் வீட்டிலே சென்ற ஆண்டு மூன்று மாதங்கள் தங்கியிருந்தேன். அங்கு கண்ட புதுமைகள் பல. ஆயினும் ஊர் திரும்பிய பின்பும் என் நெஞ்சை விட்டு அகலாமல் நிற்பது உள்ளங்கையளவான ஒரு நீல அட்டையே.

அத்தானுக்குப் பார்க்கின்சன் நோய். அதன் இயல்பை அறியாதார்க்கு அவரை விளங்கிக்கொள்வது கடினம். மருந்து வேலை செய்யும் காலை வேளையில் ரோசாச் செடிகளுக்கு நீர் வார்த்தபடி உல்லாசமாக உலாவுவார். அதன் வீரியம் தணிந்துவிட்டாலோ, வாயிற்படியில் வைத்த காலை எடுக்க மாட்டாது, நிலத்தோடு தைத்துவிட்டாற்போல் நின்றுவிடுவார்.

இத்தகையோருக்காகவே அந்த அட்டை. அல்ஃப் மொறிஸ் என்ற தொழிற்கட்சி உறுப்பினர் தனிப்பட்ட முறையிற் கொணர்ந்த மசோதா 1970 இல் சட்டமாயிற்று. அதன் பயனாக 1971 இல் செம்மஞ்சள் நிறத்தில் வந்த அட்டை 2000 ஆம் ஆண்டில் நீலமாக மாறியது. அதை முன்கண்ணாடிக்குள் வைத்தால், இயலாதோர்க்கென ஒதுக்கிய தரிப்பிடத்தில் வண்டியை நிறுத்தலாம். பிறர் நிறுத்தக் கூடாத மஞ்சட் கோட்டிலும், தடையேதும் இல்லாவிடின், மூன்று மணித்தியாலம் வரை நிறுத்தலாம். அட்டையின் பின்புறத்தில் உரியவரின் புகைப்படம் இருக்கும். ஏனெனில் அது வண்டிக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது.

இதனை நான் அறிந்துகொண்ட விதந்தான் வெட்கக்கேடானது.

ஒரு நாள் மாலை அத்தானுக்கு மருந்து வாங்க மருமகனுடன் கடைத்தெருவுக்குச் சென்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மருந்துக்கடை வாயிலில் சக்கர நாற்காலிச் சின்னம் தீட்டிய தரிப்பிடம் ஒன்றே ஒன்று வெறுமையாய்க் கிடந்தது.

“பத்து நிமிச வேலை மாமா. அப்பாவுக்குத்தானே மருந்து வாங்கப் போறம்!” என்று அட்டையை எடுத்து வைத்தான் அவன். நானும் மறுத்தேனல்லேன். அந்த வாதம் எனக்கு மிகவும் நியாயமாகவே பட்டது.

திரும்பி வந்தபோது தரிப்பிடக் கண்காணிப்பு உத்தியோகத்தர் ஒருவர் வண்டியருகே நின்றார். அட்டையை வாங்கிப் புரட்டிப் படத்தைப் பார்த்தார். பின் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். உரியவர் எங்கே என்று மரியாதையாகவே வினவினார். அவர் வீட்டில் இருக்கும்போது, அவருக்காகப் பொருள் வாங்குவதற்கேனும் அட்டையைப் பாவித்தல் குற்றம். ஆயிரம் பவுண் வரை தண்டம் விதிக்கலாம். தவறாகப் பாவித்த அட்டையைக் கைப்பற்றும் அதிகாரத்தை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு அளித்திருக்கிறது. அட்டை அவர் பைக்குள் சென்றது. அம்மனிதர்மீது எனக்குக் கடுங்கோபம் மூண்டது உண்மை. எங்களுக்குப் பின்னால் இன்னொரு நீல அட்டையோடு ஒரு கார் காத்து நின்றதைக் கண்டபின் அக்கோபம் போன இடம் தெரியவில்லை.

அத்தான் எங்களை ஏசுவார் என எதிர்பார்த்தேன். ஏசவில்லை. நெடுநேரம் கழித்து மகனைப் பார்த்துச் சொன்னார்:

“போன வருசம் நான் காரால இறங்கி நல்லாய் நடந்து போகேக்க, எங்கட ஆள் ஒருத்தர் என்னைக் கள்ளன் எண்டு சொன்னவர். நான் அட்டையிலை இருந்த படத்தைக் காட்டினன். அவர் தலை குனிஞ்சு போனார். இனி ஆரும் அப்பிடிக் கேட்டால், நான் என்னத்தைக் காட்டுறது?”

வெளியே தெரியாத நோயுடையோரும் அட்டை பெற வழிசெய்து இங்கிலாந்தில் 2019 ஆம் ஆண்டு விதிகள் விரிவுபடுத்தப்பட்டன. ஆனால் தெருவில் நிற்பவரின் கண்களுக்கு எந்த விதியும் எட்டுவதில்லை. ஒரு பொய் அட்டையைக் கண்டவன் அடுத்த பத்து மெய் அட்டைகளையும் ஐயுறுகிறான். அந்த ஐயத்திற்கு நாங்களும் அன்று ஒரு பிடி மண் போட்டோம்.

அடுத்த வாரம் வைத்தியசாலைக்குப் போகவேண்டியிருந்தது. அட்டை இல்லாமையால் வண்டியைத் தொலைவில் நிறுத்தி நடந்தோம். பாதசாரிக் கடவையின் நடுவில் அத்தானின் கால்கள் நின்றுவிட்டன. இருபுறமும் வாகனங்கள் காத்துக் கிடந்தன. மருமகன் அவர் தோளைத் தாங்கியபடி, குழந்தைக்குச் சொல்வதுபோல், “ஒண்டு, ரெண்டு” என்று எண்ணினான். அவன் குரல் நடுங்கியது.

சில வாரங்களின்பின் எச்சரிக்கைக் கடிதத்துடன் அட்டை திரும்பி வந்தது. இப்பொழுது அது காரில் இருப்பதில்லை. அத்தானின் சட்டைப்பையில் இருக்கிறது.