பெயர் மட்டும் மிஞ்சிய ராக் குழுக்கள்

1970 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துக் குழுவான பிளாக் சபாத் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. மெட்டல் இசை அங்கேதான் பிறந்தது என்பார்கள். அதே ஆண்டுப் பெயரோடு இந்தியாவில் வந்த இசைத்தட்டு ‘சிம்லா பீட் 70’. சிம்லா சிகரெட்டுக்கு விளம்பரம் தேட இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி நடத்திய போட்டியின் விளைவு அது. சென்னையின் கன்ஃபியூஷன்ஸ், பெங்களூரின் டைனோசார்ஸ், ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ் போன்ற இளைஞர் குழுக்கள் அதில் வாசித்தன. அது முழு மெட்டல் அல்ல. கிடார் ஒலியைக் கரகரப்பாக்கி முழங்கும், மெட்டலுக்கு முந்தைய ராக். மறு ஆண்டு இன்னொரு தட்டு வந்தது. அத்தோடு அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை பேச்சிலிருந்தே மறைந்தன. பல ஆண்டுகள் கழித்து ஐரோப்பாவில் இரண்டு தட்டுகளும் மறுபதிப்பு கண்டபோதுதான் ‘யார் இவர்கள்?’ என்று பலரும் கேட்கத் தொடங்கினார்கள்.

இந்தியாவில் ஹார்ட் ராக் அல்லது மெட்டல் என்று சொல்லத்தக்க குழுக்கள் 1980களில் வந்தன. 1984இல் மும்பையில் தொடங்கிய ராக் மெஷின், பின்னாளில் இண்டஸ் கிரீட் என்று பெயர் மாற்றிக்கொண்டதால் நினைவில் நிற்கிறது. பெங்களூரின் மில்லெனியத்தை மெட்டல் ரசிகர்கள் முன்னோடியாக மதிக்கிறார்கள். கல்லூரி விழாவில் இரண்டு வருடம் வாசித்துவிட்டு, படிப்பு முடிந்ததும் வேலை தேடிக் கலைந்துபோகிற குழுவுக்கு அந்தப் பேறு கிடைப்பதில்லை. அது இசைத்தட்டே போட்டிருக்காது. நண்பர்களுக்குள் கைமாறிய ஒரு கேசட் இருந்தால் அதிர்ஷ்டம்.

அப்படிப்பட்ட குழுவைத் தேடுகிறவர்கள் பாட்டைவிடக் காகிதத்தைத்தான் முதலில் நம்ப வேண்டும். கேசட் உறையிலோ நிகழ்ச்சி நோட்டீஸிலோ தேதி இல்லாவிட்டாலும் முகவரி காலத்தைக் காட்டிக்கொடுக்கும். பின்கோடு நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15. ‘மெட்ராஸ்-4’ என்று மட்டும் இருந்தால் அதற்கு முந்தையதாக இருக்கலாம். 600004 என்றிருந்தால் நிச்சயம் பிந்தையது. ஆனால் பழைய லெட்டர்பேடைத் தீரும்வரை ஓட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு என்பதால், முதல் ஊகத்தை ஓர் அளவுக்கு மேல் நம்பக்கூடாது. ‘சென்னை’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் 1996ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்தது எனலாம். தொலைபேசி எண்ணின் இலக்கங்களும் இப்படியே உதவும்.

புதுக்கோட்டைப் பகுதி நோட்டீஸ்களுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துப் புதுக்கோட்டை மாவட்டம் உருவானது 1974 ஜனவரி 14இல். புதுக்கோட்டை நகரத்தையோ திருமயத்தையோ ‘திருச்சி மாவட்டம்’ என்று குறிக்கும் திருவிழா நோட்டீஸ் பெரும்பாலும் அதற்கு முந்தையது. சிற்றூர்களில் எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் கோயில் திருவிழா மேடையேறியது பெரும்பாலும் மெல்லிசைக் குழுக்களோடுதான். அவற்றைத் தேடவும் இதே வழிதான். திருக்கோகர்ணத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நூல்களும் பழைய இதழ்களும் சேர்ந்திருக்கும் ஞானாலயா போன்ற தனியார் நூலகங்கள் இந்த மாதிரித் தேடலுக்கு ஏற்ற இடம். சென்னையில், கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பிலிருந்து 1994இல் உருவான ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் குடுமியான்மலையில் சுமார் ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு ஒன்று பாறைமுகத்தில் நிற்கிறது. ஏழு பிரிவுகளாகச் சுரவரிசைகளைப் பொறித்து, ருத்ராசாரியரின் மாணவனான ஓர் அரசன் இதைச் செய்வித்தான் என்றும் சொல்லிவிடுகிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முந்தைய வாத்தியார் பெயர் கிடைக்கிறது, ஐம்பது ஆண்டுக்கு முந்தைய டிரம்மர் பெயர் கிடைக்கவில்லை! வேடிக்கையாக, 1992இல் சிங்கப்பூரில் இந்திய வம்சாவளியினர் தொடங்கி, வேதாந்தத்தை டெத் மெட்டலாக முழங்கிய குழுவின் பெயரும் ருத்ராதான்.

தட்டு கையில் கிடைத்துவிட்டால் நடு லேபிளோடு நின்றுவிடக் கூடாது. கடைசி வரிக்கும் லேபிளுக்கும் இடையில் வழவழப்பான வளையம் ஒன்று இருக்கும். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் அங்கே பொறித்த எண் தெரியும். அது அச்சுவார்ப்பின் எண். அதே கம்பெனியின் தேதி தெரிந்த தட்டுகளின் எண்களோடு வரிசைப்படுத்திப் பார்த்தால் எந்தக் காலத்தில் தயாரானது என்று நெருங்கிவிடலாம்.

கேசட் விஷயம் வேறு. பூஞ்சை பிடித்திருந்தால் அப்படியே பிளேயரில் போட்டுவிடக் கூடாது. முதலில் சுத்தம் செய்ய வேண்டும். நாடாவைத் தலைப்பகுதியோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு பெரும்பாலும் பசை விட்டு விழுந்திருக்கும். அதை ஒட்டினாலே பாதிக் கோளாறு தீரும். பழைய பதிவுகள் பல வேகம் மாறி, குரல் கீச்சென்றோ கட்டையாகவோ ஒலிக்கும். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் பதிவில் கலந்திருந்தால் அதையே அளவுகோலாக வைத்துச் சரியான வேகத்தைக் கண்டுகொள்ளலாம். ஒலிப்பொறியாளர் வெறுக்கும் அந்த இரைச்சல் இங்கே சாட்சியாகிவிடுகிறது.

கடினமான வேலை ஆட்களைக் கண்டுபிடிப்பது. உறையில் இருப்பது பெரும்பாலும் செல்லப் பெயரும் வாத்தியத்தின் பெயரும்தான். அதனால் கல்லூரி ஆண்டு மலர், விழா அமைப்பாளர், ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டவர் என்று சுற்றி வளைத்தே போக வேண்டியிருக்கும். கேட்பதிலும் ஒரு முறை உண்டு. ‘எந்த வருடம்?’ என்றால் ஆளுக்கொரு பதில் வரும். ‘அப்போது எந்த வகுப்பு, எந்தப் படம் ஓடியது?’ என்றால் கணக்கு நேராகும்.

ஆட்களைத் தேடுவதற்குச் சட்டக் காரணமும் உண்டு. இந்தியாவில் ஒலிப்பதிவின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1970இல் வெளியான ஒரு தட்டின் பதிவு 2030 முடியும்வரை உரிமையாளருடையது. பாடலை எழுதியவரின் உரிமை தனி. அது அவர் இறந்த பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். ஆகவே மறுபதிப்பு செய்ய நினைக்கிறவர் கம்பெனியின் கடிதத்தோடு, எங்கோ ஓய்வுபெற்று உட்கார்ந்திருக்கும் பழைய கிடார்க்காரரின் கையெழுத்தையும் வாங்க வேண்டியிருக்கும்.