இதயத் துடிப்பைத் தணிக்கும் ஜி புரதம்

ஓய்வில் இருக்கும் மனிதரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 70 முறை துடிக்கிறது. நரம்புகளின் பிடி முற்றிலும் விலகினால் அது ஏறத்தாழ 100 முறை துடிக்கும். இந்த வேகத்தை அடக்கி வைத்திருப்பது மூளைத் தண்டிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பணியாற்றிய ஓட்டோ லோவி, ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அந்த இதயத்தில் இருந்த திரவத்தை இன்னோர் இதயத்துக்கு மாற்றினார். இரண்டாவது இதயத்தின் துடிப்பும் குறைந்தது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது என்பதை 1921இல் வெளியான அந்தச் சோதனை காட்டியது. அது அசிட்டைல்கோலின் என்பது பின்னர் தெரிந்தது.

செல்லுக்கு வெளியே வந்து சேரும் இந்தப் பொருள் செல்லின் மின் நிலையை எப்படி மாற்றுகிறது? விடை கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

செல்லுக்குள் பொட்டாசியம் அயனிகளின் செறிவு வெளியே இருப்பதைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு. சவ்விலுள்ள பொட்டாசியம் கால்வாய் திறந்தால் அவை வெளியேறுகின்றன. கூடவே நேர்மின்னூட்டமும் போகிறது. செல்லின் உட்புறத்தில் எதிர்மின் தன்மை கூடுகிறது. துடிப்பைத் தொடங்கி வைக்கும் கணுவின் செல்கள் அடுத்த துடிப்புக்கு வேண்டிய மின்னழுத்தத்தை எட்டத் தாமதமாகிறது. வேகஸ் நரம்புக்கு வேறு வழிகளும் உண்டு. ஆனால் ஒரு நொடிக்குள் பலன் தருவதில் இந்தக் கால்வாய்க்குப் பெரும் பங்கு இருக்கிறது.

அசிட்டைல்கோலின் கால்வாயைத் தொடுவதே இல்லை. அது எம்2 என்னும் ஏற்பியில் ஒட்டுகிறது. சவ்வின் உட்புறத்தில் ஏற்பியை அடுத்து ஜி புரதம் இருக்கிறது. ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று துணை அலகுகள் அதற்கு. ஓய்வு நிலையில் ஆல்ஃபா, குவனோசின் டைபாஸ்பேட்டைப் பற்றியிருக்கும். ஏற்பி தூண்டப்பட்டதும் டைபாஸ்பேட் விலக, குவனோசின் டிரைபாஸ்பேட் அந்த இடத்துக்கு வருகிறது. உடனே ஆல்ஃபா தனியாகவும் பீட்டா-காமா இணை தனியாகவும் பிரிகின்றன.

இவற்றில் கால்வாயைத் திறப்பது எது என்பதில்தான் பெரிய சர்ச்சை எழுந்தது. அட்ரினலின் விஷயத்தில் ஆல்ஃபாதான் செய்தியைக் கொண்டு செல்கிறது; செல்லுக்குள் சுழற்சி ஏஎம்பி என்னும் தூதுப்பொருள் உருவாகிறது. இதயக் கால்வாயும் அப்படித்தான் இயங்க வேண்டும் என்று நினைப்பது இயல்பே. ஆனால் ஜப்பானின் சோயெஜிமா, நோமா இருவரும் 1984இல் முயலின் இதய மேலறைச் செல்களில் வேறொன்றைக் கண்டனர். நுண்குழாய் மின்முனை ஒட்டியிருந்த சவ்வுத் துண்டுக்கு வெளியே அசிட்டைல்கோலினை விட்டால் அந்தத் துண்டிலுள்ள கால்வாய் திறக்கவில்லை. குழாய்க்குள்ளேயே இருந்தால் திறந்தது. செல்லுக்குள் மிதந்து செல்லும் தூதுப்பொருள் ஏதும் இதில் இல்லை, செய்தி சவ்வை ஒட்டியே நகர்கிறது என்பது இதன் பொருள். எளிமையான, அழகான சோதனை.

லோகோதெடிஸ், கிளாபம் முதலியோர் 1987இல், பீட்டா-காமா இணையே கால்வாயைத் திறக்கிறது என்று அறிவித்தனர். அதுவரை அந்த இணை, ஆல்ஃபாவைச் சவ்வில் நிறுத்தி வைக்கும் துணையாகவே கருதப்பட்டது. ஆல்ஃபாதான் திறக்கிறது என்று இன்னொரு குழு அதே ஆண்டில் முடிவு வெளியிட்டது. வாதம் சில ஆண்டுகள் நீடித்தது. கால்வாயின் மரபணு 1993இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதைத் தவளையின் முட்டைச் செல்களில் பீட்டா-காமாவோடு சேர்த்து உருவாக்கியபோது கால்வாய் திறந்தது. துணை என்று ஒதுக்கப்பட்ட இணையே வென்றது. மூளையில் உள்ள இதன் வகை ஒன்றின் அமைப்பை வோர்ட்டன், மெக்கின்னன் இருவரும் 2013இல் எக்ஸ்-கதிர் மூலம் வெளியிட்டனர். நான்கு அலகுகளாலான கால்வாயில் நான்கு பீட்டா-காமா இணைகள் பொருந்தியிருந்தன. சவ்விலுள்ள பிஐபி2 என்னும் கொழுப்பும் இல்லாமல் கால்வாய் திறக்காது.

மூடும் வேலை ஆல்ஃபாவுடையது. டிரைபாஸ்பேட்டைத் தானே வெட்டி டைபாஸ்பேட்டாக்கி, பீட்டா-காமாவோடு மீண்டும் சேர்கிறது. ஆர்ஜிஎஸ் புரதங்கள் இந்த வெட்டுதலை விரைவுபடுத்துகின்றன. அவை இல்லாவிட்டால் நரம்பு அமைதியான பின்னும் சற்று நேரம் இதயம் மந்தமாகவே துடித்துக்கொண்டிருக்கும்.

இதே ஏற்பாடு மூளையிலும் உண்டு. மார்ஃபின் வலியை அடக்கும் வழிகளில் ஒன்று, நரம்புச் செல்களில் இந்தக் கால்வாய்களைத் திறப்பது. வீவர் என்னும் எலி வகையில் கால்வாயின் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அதனால் பொட்டாசியத்தைப் பிரித்தறியும் திறன் போய், சோடியமும் நுழைகிறது. சிறுமூளைச் செல்கள் மடிந்து எலி தள்ளாடி நடக்கிறது.

மருத்துவமனைகளில் இதய மேற்பகுதியிலிருந்து எழும் சில வகைப் படபடப்புக்கு அடினோசின் ஊசி போடுகிறார்கள். ஏ1 என்னும் வேறோர் ஏற்பி வழியாக அதே ஜி புரதத்தையும் அதே கால்வாயையும் அது பயன்படுத்துகிறது. மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள கணுவில் மின்னோட்டம் சில நொடிகள் தடைபட, சுழன்றுகொண்டிருந்த தவறான மின்சுற்று அறுந்துபோகிறது. இரத்தத்தில் இந்த மருந்தின் அரைவாழ்வுக் காலம் 10 நொடிக்கும் குறைவு.